பட்டதாரிப் பிள்ளைகளின் மேற்படிப்பும் அதற்கான பண உதவிகளும்



சென்ற ரமலானுக்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நமது சங்க உறுப்பினர் ஒருவர் என் கடைக்கு வந்தார். ஜவுளி வியாபாரி. என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் அழைப்பேன். வழக்கமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர், அன்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, கடையில் பாதியைக் கொடுத்துவிடலாமென்று பார்க்கிறேன். நம்பிக்கையான கூட்டாளி யாராவது இருந்தால் சொல்லு" என்றார்.

விசாரித்தேன். அவருடைய மகள் நமது பினாங்கிலேயே இரசாயனத்தில் பட்டம் பெற்றவள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்க, சிங்கப்பூரிலுள்ள ஒரு சர்வகலாசாலையில் இடம் கிடைத்திருந்தது. கடிதத்தின் முதல் பக்கத்தில் வருஷக் கட்டணம் இன்ன தொகை என்று சிங்கப்பூர் வெள்ளியில் போட்டிருந்தது. நானா அதை நாலால் பெருக்கி, நம் வெள்ளிக்கு மாற்றி, பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு வாரத்துக்குள் பதில் போட வேண்டும். தவறினால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"பிள்ளை என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு என்ன தெரியும்? கட்டணம் கட்ட வேண்டாம் வாப்பா, அவர்களே மாதாமாதம் பணம் தருவார்கள் என்கிறாள். படிக்கிற பிள்ளைக்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா? இது ஏதோ ஏமாற்று வேலை. ஒன்று இடத்தை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நாமே கட்டணத்தைக் கட்டி மரியாதையாக அனுப்ப வேண்டும்."

கடிதத்தை வாங்கி என் மகனிடம் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொன்னேன். கட்டணம் முழுவதையும் சர்வகலாசாலையே ஏற்றுக்கொள்ளும், நான்கு வருஷம் வரை மாதாந்திரத் தொகை கொடுக்கப்படும், படிப்பு முடிந்தபின் அங்கே வேலை செய்தாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை. அதற்கிடையில் நானா பாதிக் கடைக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார்.

நானாவைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பலர் மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்று கடைக்கு வந்தவர்கள், நானும் அப்படித்தான். பிள்ளைகளின் முதல் பட்டத்துக்கு என்ன செலவாகும், பி.டி.பி.டி.என். கடன் எப்படி வாங்குவது என்பதெல்லாம் இப்போது நமக்கு ஓரளவு பழகிவிட்டது. அதற்கு மேலே போகும் படிப்பின் பணக் கணக்கு முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டை அறியாததால், நல்ல இடத்தை விட்டவர்களும் உண்டு, வேண்டாத கடனில் விழுந்தவர்களும் உண்டு. ஆகவே நான் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது தெரிந்துகொள்ள வேண்டியது, மேற்படிப்பு இரண்டு வகை என்பதே. ஒன்று வகுப்பில் பாடம் கேட்டுப் பரீட்சை எழுதும் படிப்பு. ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷத்தில் முடியும் எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. பட்டங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. மற்றொன்று ஆராய்ச்சிப் படிப்பு. டாக்டர் பட்டமும், ஆராய்ச்சி வழியில் எழுதும் முதுகலைப் பட்டமும் இதில் சேரும். நம் பாஷையில் சொன்னால், முதல் வகைப் பிள்ளை கடைக்குச் சரக்கு வாங்க வருகிறவன். இரண்டாம் வகைப் பிள்ளை கடையில் வேலைக்குச் சேருகிறவன். சரக்கு வாங்க வருகிறவனிடம் கடைக்காரர் பணம் வாங்குவார். வேலைக்கு வந்தவனுக்குக் கொடுப்பார். ஆராய்ச்சி மாணவன் பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடத்தில் பரிசோதனை செய்கிறான், கட்டுரை எழுதுகிறான், இளைய மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறான். அந்த உழைப்பு சர்வகலாசாலைக்கு வேண்டியிருக்கிறது. நானா ஏமாற்று என்று நினைத்தது உண்மையில் ஒரு கூலி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். அமெரிக்காவில் விஞ்ஞான, பொறியியல் துறைகளில் டாக்டர் பட்டத்துக்குச் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கட்டணம் கட்டுவதில்லை. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவி செய்து மாதப் பணமும் பெறுகிறார்கள். அதே நாட்டில் முதுகலைப் பட்டத்துக்கு மட்டும் போகிறவருக்கு அந்தச் சலுகை கிடைப்பது அரிது. சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே விஞ்ஞான, பொறியியல் டாக்டர் படிப்புக்குச் 'சிங்கா' என்ற விருது இருக்கிறது. நான்கு வருஷம் வரை கட்டணமும் மாதத் தொகையும் உண்டு. நமது மலேசியச் சர்வகலாசாலைகளில் பேராசிரியர் தமக்குக் கிடைத்த ஆராய்ச்சி மானியத்திலிருந்து மாணவருக்கு மாதப் பணம் கொடுத்து ஆராய்ச்சி உதவியாளராக வைத்துக்கொள்வது வழக்கம். இதில் ஒரு எச்சரிக்கை. மானியம் இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும், பிள்ளையின் படிப்போ மூன்று நான்கு வருஷம் போகும். "உங்கள் மானியம் எந்த மாதம் முடிகிறது, அதற்குப் பின் என் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?" என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கொள்முதல் செய்யும்போது தவணை கேட்கக் கூச்சப்படாத நாம், பேராசிரியரிடம் இதைக் கேட்க மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

பாடம் கேட்கும் முதுகலைப் படிப்புக்கு வருவோம். இங்கேதான் தகப்பன்மார்களின் பை காலியாகிறது. இதற்கு உதவி இல்லை என்பதில்லை. போட்டி அதிகம், நிபந்தனைகளும் உண்டு. பிரிட்டிஷ் சர்க்காரின் செவனிங் உபகாரச் சம்பளம் ஒரு வருஷ முதுகலைப் படிப்புக்கு உரியது. கட்டணம், விமானச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கொடுப்பார்கள். மனுச் செய்கிறவர் பட்டம் பெற்றபின் சுமார் இரண்டு வருஷ வேலை அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். துருக்கி சர்க்காரின் உபகாரச் சம்பளம் முதுகலைக்கும் உண்டு, டாக்டர் பட்டத்துக்கும் உண்டு. மனுக் கட்டணம் கிடையாது. முதல் வருஷம் துருக்கி மொழி கற்பிப்பார்கள். தங்குமிடமும் விமானச் சீட்டும் சேர்த்தே கொடுக்கிறார்கள். முதுகலைக்கு 30 வயதுக்குள்ளும், டாக்டர் பட்டத்துக்கு 35 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். மனுக்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாங்கப்படுகின்றன. ஜப்பான் சர்க்கார் 1954 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுத்துவரும் உபகாரச் சம்பளத்துக்குத் தூதரகத்தின் மூலம் மனுச் செய்யலாம். ஜெர்மனியில் பெரும்பாலான பொதுச் சர்வகலாசாலைகளில் கட்டணமே இல்லை. அங்கே மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு, பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணத்தில் 2017 முதல் ஐரோப்பியர் அல்லாத மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 ஈரோ வாங்குகிறார்கள். தீனியாக் கல்விக்கு மதீனா இஸ்லாமியச் சர்வகலாசாலை 1961ல் ஏற்பட்டது முதல் பற்பல நாட்டுப் பிள்ளைகளைத் தன் செலவிலேயே வைத்துக் கற்பித்து வருவதை நமது ஆலிம்கள் அறிவார்கள்.

உள்நாட்டில் மாரா போன்ற சில வாசல்கள் பூமிபுத்திரர்களுக்கு உரியவை. நம் பிள்ளைகளில் பலருக்கு அவை திறப்பதில்லை. முஸ்லிம் என்பதால் கிடைக்கும் என்று எண்ணி மனுச் செய்து, கடைசி நாளில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தகுதிப் பகுதியை முதலில் வாசித்துவிட்டால் அலைச்சல் மிஞ்சும். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளையானால், சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து முதுகலை, டாக்டர் பட்டங்களுக்கு அனுப்பும் எச்.எல்.பி. என்ற ஏற்பாடு பொதுச்சேவைத் துறையில் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்த பிள்ளைக்கு ஊழியர் சேமநிதி உண்டு. 2024 மே மாதம் அந்தக் கணக்கை மூன்றாகப் பிரித்தபின், கல்விச் செலவுக்கு 'செஜாத்ரா' கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். கடை முதலாளிகளான நமக்குத்தான் அந்த நிதியும் இல்லை, பென்ஷனும் இல்லை!

வருமான வரியில் ஒரு சிறு விஷயம் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. 18 வயதுக்கு மேற்பட்ட, கல்யாணமாகாத பிள்ளை முழுநேரமாக உயர்கல்வி படித்தால், தகப்பன் தமது வருமானத்தில் 8,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். வெளிநாட்டில் முதுகலையோ டாக்டர் பட்டமோ படித்தாலும் அது பொருந்தும். வேலை பார்த்துக்கொண்டே தம் சொந்தப் பணத்தில் முதுகலை படிக்கிறவர் தம் கட்டணத்துக்கு 7,000 வெள்ளி வரை கழிவு பெறலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்திக் கணக்குப்பிள்ளையிடம் கொடுங்கள்.

நிற்க. இனி ஜாமீன் விஷயம். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது.

சுமார் 12 வருஷத்துக்கு முன், பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்து ஸஃபில் நின்று தொழுகிற ஒருவரின் மகன், ஒரு ஸ்தாபனத்தின் உதவியோடு மேற்படிப்புக்காக வெளிநாடு போனான். படித்து முடித்ததும் திரும்பி வந்து இத்தனை வருஷம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவன் மாமா, மற்றொருவன் நான். "ஒரு கையெழுத்துத்தான் தம்பி" என்றார் தகப்பனார். கடையில் கூட்டமாக இருந்த நேரம். தாளைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எத்தனை பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

பையன் திரும்பவில்லை. அங்கேயே உத்தியோகம், அங்கேயே கல்யாணம். மாமா அதற்குள் மௌத்தாகிவிட்டார். கடைசியில் வக்கீல் கடிதம் என் கடை விலாசத்துக்கு வந்தது. பையனிடம் வாங்க முடியாவிட்டால்தான் என்னிடம் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். அது தவறு. கடன்பட்டவனுக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்காரனுக்கும் அவ்வளவே பொறுப்பு என்று 1950ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. உபகாரச் சம்பள ஒப்பந்தங்களுக்கென்றே 1976ல் ஒரு திருத்தச் சட்டமும் செய்திருக்கிறார்கள். கையெழுத்திடும்போது பையனுக்கு வயது போதாது என்று சொல்லித் தப்ப முடியாது; உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டு வாதாடவும் முடியாது; எழுதிய தொகை முழுவதற்கும் மாணவனும் ஜாமீன்காரர்களும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு.

நாலு வருஷம் தவணை கட்டினேன். பையன் பிறகு ஒரு பகுதியை அனுப்பினான். அதை நான் மறுக்கக்கூடாது. ஆனால் அவன் தகப்பனார் என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு வேறு பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. குர்ஆன் ஷரீஃபிலேயே மிக நீளமான ஆயத்து, கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது என்று மதரஸாவில் ஓதியவன் நான். கடன் நின்ற ஜனாஸாவுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்கத் தயங்கியபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட வரலாறும் தெரியும். தெரிந்தும் வாசிக்காமல் கையெழுத்திட்டேன்.

ஜாமீன் போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். யாரும் போடாவிட்டால் ஏழைப் பிள்ளைகள் எப்படிப் போவார்கள்? போடுகிறவர் அந்தத் தொகை தம்முடைய கடனே என்று எண்ணிப் பேரேட்டில் எழுதிக்கொள்ளட்டும். எத்தனை வருஷ வேலை, வருஷத்துக்கு எவ்வளவு கழியும், பிள்ளை பரீட்சையில் தவறினால் என்ன, நோயில் விழுந்தால் என்ன என்பதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கட்டுப்பாடு உள்ள பணத்தை 'இனாம்' என்று சொல்வதை நாம் விட்டுவிட வேண்டும். அது வேலையால் திருப்பிக் கட்டும் கடன்.

நேரான கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பட்டத்துக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். பாக்கி இருந்தால், மேற்படிப்பில் சேர்ந்ததும் தவணையைத் தள்ளிவைக்க மனுச் செய்யலாம். செய்யாமல் சும்மா இருந்தால் பாக்கி ஏறும். அந்தக் கழகம் 2008 முதல் உஜ்ரா முறையில் வருஷத்துக்கு 1 சதவீதம் சேவைக் கட்டணம் வாங்குகிறது. இது ஒருபுறமிருக்க, பாடம் கேட்கும் ஒரு வருஷ எம்.பி.ஏ. பட்டத்துக்காகக் கடைப் பத்திரத்தை அடகு வைத்து வட்டிக்கு வாங்கினவர் நம் தெருவிலேயே உண்டு. அந்தப் பட்டத்தால் பிள்ளையின் சம்பளம் எவ்வளவு கூடும், கடன் எத்தனை வருஷத்தில் அடையும் என்று சரக்குக்குப் போடுகிற கணக்கை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. படிப்பு என்றதும் கணக்கு மறந்துபோகிறது.

ஸகாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தவ்பா ஸூராவின் 60ஆம் ஆயத்தில் ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகுப்பார் சொல்லப்பட்டிருக்கிறார்கள். கல்வி கற்கும் வறியவரை எந்த வகுப்பில் சேர்ப்பது, எந்தக் கல்விக்குக் கொடுப்பது என்பதில் இமாம்களிடையே கருத்துக்கள் உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடைமுறையில் நமது மாநில ஸகாத் ஸ்தாபனங்கள் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வருகின்றன. பினாங்கில் ஸகாத் புலாவ் பினாங், சிலாங்கூரில் லெம்பாகா ஸகாத் சிலாங்கூர், கூட்டரசுப் பிரதேசத்தில் இஸ்லாமிய சமய மன்றம் என்று அந்தந்த மாநிலத்துக்கு அதனதன் அலுவலகமும் விதியும் இருக்கின்றன. பல சர்வகலாசாலைகளிலும் ஸகாத், வக்ஃபு பிரிவுகள் உள்ளன. வருஷா வருஷம் ஸகாத் செலுத்த அந்த அலுவலகத்துக்குப் போகிறோம். அதே இடத்தில் மாணவர் உதவிக்கு மனுச் செய்யும் வழியும் இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? வாங்குவது கேவலம் என்று எண்ணுகிறோம். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைக்கு அது ஹக்கு.

இனி நானாவின் மகள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் கட்டணமும் மாதப் பணமும் உறுதியான பிறகும் அவள் போகமுடியாமல் நிற்கவேண்டி வந்தது. முதல் மாதப் பணம் மாத முடிவில்தான் வரும். அதற்கு முன்பே அறை வாடகை, அதற்கு முன்பணம், பரிசோதனைக் கட்டணம், அனுமதிக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கையிலிருந்து போக வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் சுமார் 9,000 வெள்ளி. நானா பெருநாளைக்குச் சரக்கு எடுத்து வைத்திருந்த நேரம். ரொக்கம் முழுவதும் துணியாக அலமாரியில் இருந்தது. கம்பளி, வேஷ்டிகளை அறை வாடகைக்கு யார் வாங்குவார்கள்?

நமது சங்கத்தின் கல்வி நிதியைக் கேட்டோம். விதிப்படி முதல் பட்டம் வரைதான் கொடுக்க முடியும் என்று காரியதரிசி சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. அந்த விதியை எழுதியபோது நம் பிள்ளைகளில் டாக்டர் பட்டத்துக்குப் போகிறவர்கள் யார் இருந்தார்கள்? கடைசியில் மூன்று வியாபாரிகள் ஆளுக்கு 3,000 வெள்ளி கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்தோம். வட்டியில்லை, ஜாமீன் இல்லை, ஒரு தாளில் எழுதி இரண்டு சாட்சி மட்டும். பதில் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு அவள் சம்மதக் கடிதத்தை அனுப்பினாள். போன பிறகு மாதப் பணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி எட்டு மாதத்தில் மூன்று பேர் கணக்கையும் தீர்த்துவிட்டாள். கடைசித் தவணையோடு, "சாச்சா, இந்தப் பணத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அப்படியே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நம் முன்னோர்களுக்கு இது புதிதல்ல. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951ல் எழுந்தது ஜமால் முகம்மது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் ஆகிய வியாபாரப் பெருமக்களின் பணத்தில்தான். அவ்வளவு பெரிய காரியம் நம்மால் ஆகாது. டாக்டர் பட்டத்துக்கு முழுச் செலவும் சங்கம் ஏற்க வேண்டியதுமில்லை. அதைக் கொடுப்பதற்கு மேலே சொன்ன வாசல்கள் இருக்கின்றன. முதல் மூன்று மாதத்தைக் கடத்தும் கைமாற்றைத்தான் யாரும் கொடுப்பதில்லை. அதை நாம் கொடுக்கலாம். ஒரே பணம் வருஷத்துக்கு ஒருமுறை சுழன்று வரும். வியாபாரிகளுக்கு இதைவிட நன்றாக விளங்கக்கூடிய தர்மம் எது?

ஆகவே அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், கல்வி நிதி விதியிலுள்ள 'முதல் பட்டம் வரை' என்ற வார்த்தைகளை எடுத்துவிட்டு, மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு 10,000 வெள்ளிக்கு மேற்படாத கர்ளன் ஹஸனா கொடுக்கலாம் என்று சேர்க்கும்படி ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய இருவர் சம்மதித்திருக்கிறார்கள். எங்கள் மூவரின் 9,000 வெள்ளியும் அதன் முதல் தொகையாக இருக்கும்.

கூட்டத்துக்கு முன் யார் வீட்டிலாவது இப்படிப்பட்ட கடிதம் வந்திருந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் கடைக்குக் கொண்டுவாருங்கள். வாசித்துச் சொல்ல என் மகன் இருப்பான். பிள்ளையையும் கூடவே அழைத்து வாருங்கள். எல்லாப் பக்கங்களும் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.